நோயோடு வாழும் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் போன் வழியாக மன ஆதரவு: வன்னியில் செய்யும் முறை, படிப்படியாக

சீனி வருத்தம் (நீரிழிவு), வலிப்பு, முட்டு (ஆஸ்துமா), சிறுநீரக வருத்தம், இதய வருத்தம் என்று ஏதோ ஒன்றுக்காக மாதாமாதம் கிளினிக் போகும் பிள்ளைகளுடன் போனில் கதைத்து ஆதரவு கொடுக்க முன்வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உளசமூக உத்தியோகத்தர்கள், கிளினிக் தாதியர், உளவளத்துணை படித்து முடித்த இளையவர்கள், பயிற்சி பெற்ற தொண்டர்கள் எல்லோரையும் நினைத்தே எழுதுகிறேன். பிள்ளைகளின் வயது 8 முதல் 18 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான ஆதரவு என்று நான் சொல்வது இதைத்தான்: ஒழுங்கு செய்வதற்கு ஒரு பத்து நிமிட அழைப்பு, பிறகு 30 முதல் 40 நிமிடம் வரை மூன்று அல்லது நான்கு சந்திப்புகள், இரண்டு மாதம் கழித்து ஒரு சின்ன அழைப்பு. முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ இதற்காக மட்டும் வாரம் ஒருமுறை கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ வந்து போனால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போகும். அதனால்தான் போன்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் முன்பே பிள்ளையை மனம் திறக்கச் சொல்கிறார்கள். சீனி இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும் முன்பே பதற்றத்துக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள். அதனால் கீழே இருப்பவற்றை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதல் அழைப்புக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

உங்களுக்கு மேலே மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும். உளநல வைத்தியரோ அனுபவமுள்ள உளவளத்துணையாளரோ, அதே நாளில் நீங்கள் போன் எடுத்துக் கேட்கக்கூடிய ஒருவர். இப்படி ஒருவர் இல்லாவிட்டால் தொடங்க வேண்டாம். "செத்துப் போகலாம் போல இருக்கு" என்று ஒரு பிள்ளை சொல்லும் இரவில், யாரைக் கேட்பது என்று அப்போது தேட முடியாது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் வையுங்கள். வருத்தத்தின் பெயர், எடுக்கும் மருந்துகள், எந்த வைத்தியசாலை, எந்தக் கிழமை கிளினிக், வீட்டில் இன்னொரு போன் இலக்கம், அயலில் நம்பிக்கையான ஒருவரின் இலக்கம், வீட்டுக்கு வரும் வழி. வழியை அம்புலன்ஸ் சாரதிக்குச் சொல்வதுபோல எழுத வேண்டும். "குளக்கட்டால் வந்து, பள்ளிக்கூடம் தாண்டி, இரண்டாவது ஒழுங்கை" என்று இருந்தால்தான் உதவும். வீட்டு இலக்கத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்களில் எவரும் வீடு கண்டுபிடிப்பதில்லை.

தாளின் தலைப்பில் மூன்று இலக்கங்களைப் பெரிதாக எழுதுங்கள்: அம்புலன்ஸ் 1990, தேசிய உளநல உதவி அழைப்பு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. பதற்றத்தில் தெரிந்த இலக்கமும் மறந்துபோகும்.

அம்மா அப்பாவின் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் தனித்தனியாக வேண்டும். வீட்டார் சொல்லி மட்டும் வந்த பிள்ளை மூன்று சந்திப்பும் "ஓம்", "இல்லை" என்றே முடித்துவிடும்.

எல்லோருக்கும் போன் சரிவராது. தற்கொலைத் திட்டத்தோடு இருக்கும் பிள்ளை, இல்லாததைக் கேட்கிற அல்லது பார்க்கிற பிள்ளை, போன் வைத்திருப்பவராலேயே துன்புறுத்தப்படும் பிள்ளை ஆகியோரை நேரில் பார்க்கும் ஒருவரிடம் உடனே சேர்க்க வேண்டும். நாலு தரம் போனில் கதைத்துப் பார்ப்போம் என்று தாமதிக்க வேண்டாம்.

2. மனதுக்கு முன் உடம்பைக் கேளுங்கள்

பிள்ளையுடன் கதைக்கும் முன் கிளினிக் பக்கம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மனக்கஷ்டம் போலத் தெரிவது சிலவேளை வருத்தமாகவோ மருந்தாகவோ இருக்கும்.

இன்சுலின் போடும் பிள்ளைக்குச் சீனி இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், எரிச்சல் வரும். பதற்றம் வந்தாலும் இதே அறிகுறிகள்தான். போனில் பிள்ளை "ஒருமாதிரி இருக்கு" என்றால் முதல் வேலை சீனி பார்ப்பது. 70 (mg/dL) இற்குக் கீழே இருந்தால் வைத்தியர் சொல்லித் தந்த அளவில் சீனித் தண்ணீர் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். பார்க்கும் கருவி கையில் இல்லாவிட்டால் சீனி இறங்கியதாகவே எடுத்துக்கொண்டு சீனித் தண்ணீரைக் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை தெளிந்த பிறகுதான் மற்றக் கதை.

சிறுநீரக வருத்தத்துக்குப் பிரெட்னிசலோன் எடுக்கும் பிள்ளைக்கு நித்திரை குழம்பலாம், கோபமும் அழுகையும் மாறி மாறி வரலாம், முகம் வீங்கலாம். வீங்கிய முகத்தை வகுப்பில் பகிடி பண்ணுவதுதான் பிள்ளையின் உண்மையான கவலையாக இருக்கும். வலிப்புக்கு லெவெட்டிரசிட்டாம் எடுக்கும் சில பிள்ளைகளுக்குக் கடும் எரிச்சல் வருவதுண்டு. முட்டுக்கு சல்பியூட்டமோல் இழுத்த கையோடு நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் மருந்தின் வேலை.

இதை வீட்டாருக்குச் சொல்லும்போது கவனம் வேண்டும். "மருந்தாலதான் பிள்ளை இப்படி" என்று சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். பிரெட்னிசலோனையும் வலிப்பு மருந்தையும் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. "மருந்தை ஒரு நேரமும் விடாதீங்கோ, அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் இதை டொக்டரிடம் சொல்லுவம்" என்று சொல்லி, அந்தத் தகவல் வைத்தியருக்குப் போய்ச் சேர்வதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஒழுங்கு செய்யும் அழைப்பு: பத்து நிமிடம்

இந்த அழைப்பில் மனதைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். போன் யாருடையது, எப்போது வீட்டில் இருக்கும், டேட்டா இருக்கிறதா, எங்கே நின்றால் சிக்னல் வரும் என்று மட்டும் கேளுங்கள். அறிமுகமில்லாத ஒருவரோடு கஷ்டமில்லாத விஷயத்தைக் கதைத்துப் பழக வீட்டாருக்கும் இது ஒரு வாய்ப்பு.

பல வீடுகளில் ஒரு போன்தான் இருக்கும், அதுவும் அப்பாவுடன் வயலுக்குப் போய்விடும். காலபோக வெட்டுக் காலத்தில் இருட்டும் வரை திரும்பி வராது. பின்னேரம் ரியூசன். ஆகவே நேரத்தை நீங்கள் தீர்மானிக்காமல் அவர்களிடமே கேளுங்கள். கிளினிக் நாளிலும் அதற்கு மறுநாளும் வேண்டாம். விடியப்புறம் பஸ் ஏறி, வரிசையில் நின்று, மருந்து எடுத்துக்கொண்டு பொழுதுபடத் திரும்பும் பிள்ளையிடம் கதைக்கச் சக்தி இருக்காது.

வீடியோ கட்டாயம் என்று நினைக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் முகம் பார்த்துக் கதைத்துவிட்டுப் பிறகு குரலுக்கு மாறலாம். டேட்டா மிஞ்சும், அழைப்பு அறுபடுவது குறையும். வீங்கிய முகத்தையும் கொட்டிப்போன தலைமுடியையும் காட்ட விரும்பாத பிள்ளைகளுக்குக் குரல் மட்டும் என்பது பெரிய ஆறுதல். குரலையும் கேட்க முடியாத அளவுக்குச் சிக்னல் போனால் சாதாரண அழைப்புக்கு மாறுங்கள். டேட்டாச் செலவை வீட்டார் தலையில் போடக் கூடாது. நீங்களோ உங்கள் நிறுவனமோ ரீலோட் போட்டுவிடுங்கள்.

சொற்களையும் இந்த அழைப்பிலேயே சரிப்படுத்த வேண்டும். "மனநோய்", "மனநல சிகிச்சை" என்று தொடங்கினால் "பிள்ளைக்கு விசர் எண்டே சொல்லுறீங்கள்?" என்று அம்மா கேட்பார். எங்கள் ஊரில் இந்த மனக்கவலைக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: யோசனை. "வருத்தத்தோட இருக்கிற பிள்ளையளுக்கு யோசனை கூடும். அதைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கப் போறம்" என்றால் எல்லோருக்கும் விளங்கும், எவருக்கும் வெட்கமும் இருக்காது.

4. முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடம்

ஒவ்வொரு சந்திப்பையும் இதே நான்கு கேள்விகளோடு தொடங்குங்கள்.

"இப்ப எங்க இருந்து கதைக்கிறீங்கள்?" வீட்டில் என்று நினைத்திருப்பீர்கள், பிள்ளை மாமி வீட்டில் இருக்கும். அவசரத்தில் அம்புலன்ஸைத் தவறான இடத்துக்கு அனுப்பக் கூடாது.

"பக்கத்தில ஆர் இருக்கினம்?" தகரச் சுவர் வீட்டில் அடுத்த அறை என்று ஒன்று இல்லை. மரநிழல், குசினித் திண்ணை, கிணற்றடி எதுவென்றாலும் பிள்ளையே ஓர் இடம் சொல்லட்டும். இயர்போன் இருந்தால் உங்கள் கேள்வியாவது மற்றவர் காதில் விழாது. ஒரு அடையாளச் சொல்லும் பேசி வையுங்கள். யாராவது வந்தால் பிள்ளை "கிளினிக் கொப்பி எடுக்கோணும்" என்று சொல்லும். அதைக் கேட்டதும் நீங்கள் பள்ளிக்கூடப் பாடத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட வேண்டும்.

"லைன் கட்டானா என்ன செய்வம்?" நான்தான் திரும்ப எடுப்பேன், இரண்டு தரம் எடுப்பேன், கிடைக்காவிட்டால் அம்மாவின் போனுக்கு எடுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது லைன் போனால், தன் கதையைக் கேட்கப் பிடிக்காமல் வைத்துவிட்டார்கள் என்றுதான் பிள்ளை நினைக்கும்.

நாலாவது, இரகசியம். "நீங்கள் சொல்லுறதை அம்மாவுக்கும் சொல்ல மாட்டன். ஆனால் உங்கட உயிருக்கு ஆபத்து எண்டாலோ, ஆரும் உங்களுக்குத் தீங்கு செய்யினம் எண்டாலோ, உதவக்கூடிய பெரியாக்களுக்குச் சொல்லித்தான் ஆகவேணும். சொல்ல முதல் உங்களுக்குச் சொல்லுவன். இது விளங்குதா?" பிள்ளை எதையாவது சொன்ன பிறகு இந்த எல்லையைச் சொன்னால் அது துரோகமாகப் போய்விடும். முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்கும்போது "அப்பா எங்கே?" என்று வாய்தவறியும் கேட்க வேண்டாம். "வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேளுங்கள். போரைக் கண்ட வன்னியில் முதல் கேள்விக்குச் சில வீடுகளில் பதிலே கிடையாது. இரண்டாவது கேள்விக்கு எல்லாப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியும்.

5. முதலில் பிள்ளை, பிறகு அம்மா

முதல் சந்திப்பில் பிள்ளைக்கு 25 நிமிடம், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ 10 நிமிடம். இந்த வரிசையை மாற்றினால் அம்மாவின் கவலையே சந்திப்பின் தலைப்பாகிவிடும். அம்மா "ஊசி போட மாட்டன் எண்டு அடம்பிடிக்கிறான்" என்பார். பிள்ளையிடம் முதலில் கேட்டிருந்தால், பள்ளிக்கூடக் கழிவறைக்குள் ஒளிந்து நின்று ஊசி போட வேண்டியிருக்கிறது என்பது தெரிந்திருக்கும்.

எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை தனியே கதைக்கப் பயந்தால் அம்மா பக்கத்தில் இருக்கலாம். ஆனால் கேள்வி பிள்ளைக்குத்தான் என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது: "உங்கட வருத்தத்தைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்லியிருக்கினம்?" தன் வருத்தம் தங்கச்சிக்கும் தொற்றும் என்று நம்பி ஒரே பாயில் படுக்க மறுத்த பிள்ளையோடு நான் கதைத்திருக்கிறேன். தான் செய்த குழப்படிக்குத்தான் வருத்தம் வந்தது என்று நினைத்திருந்த பிள்ளையும் உண்டு. இவற்றுக்கு உளவளத்துணை தேவையில்லை. சரியான ஒரு வசனம் போதும், அதையும் வைத்தியரின் வாயால் சொல்லுவித்தால் நல்லது.

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அனுப்பப்பட்ட பிள்ளைகளின் வீடுகளில் இது இன்னும் கூடுதல். கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலோ தமிழில் விளக்க ஆள் கிடைக்காத வேளையில் டொக்டர் சொன்னதில் பாதி போய்விட்டிருக்கும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். அப்படியான வீட்டாருடன் முதல் சந்திப்பின் முழு வேலையும், அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைத் தமிழில் கிளினிக் கொப்பியின் பின்பக்கம் எழுத வைப்பதாகவே இருக்கலாம். அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள்.

6. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பிள்ளையின் கஷ்டங்கள் ஏழெட்டு இருக்கும். நான்கு சந்திப்பில் ஒன்றைத்தான் அசைக்க முடியும். எதை அசைப்பது என்று பிள்ளை சொல்லட்டும்: "இதில எது கொஞ்சம் குறைஞ்சா உங்களுக்கு அடுத்த கிழமை லேசா இருக்கும்?"

அதைக் கண்ணால் பார்க்கக்கூடியதாக ஆக்குங்கள். "சந்தோசமாக இருக்க வேணும்" என்றால் வந்ததா இல்லையா என்று தெரியாது. "அடுத்த பென்சிலின் ஊசிக்கு நானே நடந்து போய்க் கதிரையில் இருக்க வேணும்" என்றால் தெரியும்.

பிறகு ஓர் எண் கேளுங்கள்: 0 என்றால் ஒன்றுமில்லை, 10 என்றால் தாங்க ஏலாது, இப்போது எத்தனை? திகதியோடு எழுதி வையுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் இதையே கேட்க வேண்டும். பிள்ளையின் பலங்களையும் கஷ்டங்களையும் கேட்கும், 25 கேள்விகள் கொண்ட எஸ்டிகியூ (SDQ) வினாக்கொத்து தமிழிலும் இருக்கிறது. உங்கள் மேற்பார்வையாளர் விரும்பினால் தொடக்கத்திலும் முடிவிலும் நிரப்பலாம். ஆனால் முதல் சந்திப்பை வினாக்கொத்தோடு தொடங்கினால் பிள்ளைக்கு அது பரீட்சை போல இருக்கும்.

இந்த இடத்தில் நடக்கும் பெரிய பிழை, நமக்குப் பெரிதாகத் தெரிவதைப் பிள்ளையின் இலக்காக மாற்றிவிடுவது. ஒரு பிள்ளை "வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக விடுகினமில்லை" என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது ஊசி, கையில் என்ன சாப்பாடு, யார் கூடப் போவது, மயக்கம் வந்தால் என்ன செய்வது என்று பொங்கலுக்குப் போகும் திட்டத்தைப் பிள்ளையும் அம்மாவும் சேர்ந்து போட்டாலே, வருத்தத்தைச் சமாளிக்கும் திறமை முழுவதும் அதற்குள் வந்துவிடும்.

7. தேர்ந்தெடுத்ததில் வேலை செய்தல்

இங்கே அடிக்கடி வரும் மூன்றை எழுதுகிறேன்.

ஊசிப் பயம். வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு இதயத்தைக் காக்க 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில் போட வேண்டும். வலிக்கும் ஊசி அது. "வலிக்காது" என்று சொல்லாதீர்கள். சொல்லிப் போட்டு வலித்தால் அடுத்த முறை உங்களையும் நம்பாது, தாதியையும் நம்பாது.

முதலில் கேட்க வேண்டியது, ஊசி பார்த்து எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா என்பது. விழுந்த பிள்ளைக்கு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி ஆகாது. இரத்த அழுத்தம் இறங்குவதால்தான் மயக்கம் வருகிறது, தளர்த்தினால் இன்னும் இறங்கும். அந்தப் பிள்ளைக்குத் தசைகளை இறுக்கக் கற்றுக் கொடுங்கள்: கையையும் காலையும் வயிற்றையும் 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும், முகம் சூடாவது தெரியும், பிறகு 20 முதல் 30 விநாடி விட வேண்டும், இப்படி ஐந்து தரம். வீட்டில் ஒரு கிழமை பழகட்டும். ஊசி போடும் இடத்தை மட்டும் அந்த நேரத்தில் தளர்த்தி வைக்க வேண்டும். மயங்காத, பயம் மட்டும் உள்ள பிள்ளைக்கு மெதுவாக மூச்சு விடுவதும் ஏதாவது ஒன்றை எண்ணுவதும் போதும்.

அடுத்து ஏணி போடுங்கள். ஊசிப் படத்தைப் பார்ப்பது, பஞ்சால் இடத்தைத் துடைப்பது, ஊசியில்லாத சிரிஞ்சைக் கையில் பிடிப்பது, ஊசி நாளல்லாத ஒரு நாளில் கிளினிக் கதிரையில் இருந்துவிட்டு வருவது. ஒரு படியில் பயம் பாதியாகக் குறையும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். அவசரப்பட்டு நடுவில் விட்டால் பயம் கூடும். தாதியிடமும் கேளுங்கள்: குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த மருந்தென்றால், அறைச் சூட்டுக்கு வர விட்டுப் போட்டால் வலி குறையும். நாலு பேர் பிடித்து அமுக்கிப் போடுவதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதும் நம் வேலைதான்.

பதற்றம். மூக்கால் மூன்று எண்ணும் வரை இழுத்து, வாயால் ஐந்து எண்ணும் வரை விடுவது. வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இரண்டு எச்சரிக்கை உண்டு. முட்டு இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அப்போது மருந்து இழுக்கும் பம்ப்தான் முதல். வலிப்புள்ள பிள்ளைக்கு வேகமாக, ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லக் கூடாது. சில வகை வலிப்பை அது கிளப்பிவிடும். போனில் பிள்ளை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று தெரியாதபடியால், நீங்களே எண்ணி, கூடவே செய்யுங்கள்.

ஒன்றிலும் விருப்பமில்லாமல் ஒதுங்கிப்போதல். "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டு நாள் முழுக்கப் படுத்திருக்கும் பிள்ளை. மனம் சரியான பிறகு எழும்பலாம் என்று காத்திருந்தால் அது வராது. சின்னதாய் ஒன்று செய்தால் மனம் பின்னால் வரும். வருத்தத்துக்கு முன் என்ன பிடிக்கும் என்று கேட்டு, அதில் மிகச் சின்னத் துண்டை எடுங்கள். கிரிக்கெட் விளையாடின பொடியனுக்கு இந்தக் கிழமை மதகடியில் இருந்து ஸ்கோர் எழுதுவது போதும். எந்த நாள், எத்தனை மணி, யாரோடு என்பது வரை பேசி முடிக்காவிட்டால் அது நடக்காது.

8. வீட்டார்

அம்மாவின் பத்து நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடம் அம்மாவைப் பற்றியதாக இருக்கட்டும். "நீங்கள் சாப்பிட்டீங்களா, நித்திரை வருதா அம்மா?" என்று கேட்டால் பலர் அழுதுவிடுவார்கள். அதுவரை எவரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வன்னியில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2009 இல் போரின் கடைசிக் காலத்தில் தற்காலிக வைத்தியசாலைகளுக்குள் காயக்காரரோடு இருந்தவர்கள் இன்று இந்தப் பிள்ளைகளின் தாய்மாராகவும் அம்மம்மாமாராகவும் இருக்கிறார்கள். வார்டுக்குள் போனதும் ஒரு அம்மாவுக்குக் கை விறைத்துப் போனால், அது இந்தப் பிள்ளையின் வருத்தத்தால் மட்டும் என்று எடுக்க வேண்டாம். ஆனால் அந்தக் கதையைத் தோண்டவும் வேண்டாம். மூன்று போன் அழைப்பில் திறந்துவிட்டு மூட முடியாத கதவு அது. அவராகச் சொன்னால் கேளுங்கள், அவருக்கென்று தனி உதவியை ஒழுங்கு செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2016 இல் வெளியிட்ட பிரச்சினை முகாமைத்துவம் பிளஸ் என்ற முறை பெரியவர்களுக்கானது, ஐந்து சந்திப்புகள் கொண்டது. உங்கள் பகுதியில் அதில் பயிற்சி பெற்றவர் இருந்தால் அவரிடம் சேர்க்கலாம்.

பயத்தால் பிள்ளையை முற்றத்துக்கும் விடாத வீடுகள் உண்டு. "இப்படிப் பொத்திப் பொத்தி வைக்காதீங்கோ" என்று புத்தி சொன்னால் அடுத்த அழைப்பை எடுக்க மாட்டார்கள். "எதை விட்டால் உங்களுக்கு ஆகக் குறைஞ்ச பயம்?" என்று கேட்டு, அந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

நேர்த்தி, விரதம், நூல் கட்டுதல், மடு மாதா கோயிலுக்கு நடந்து போவது எல்லாவற்றையும் மரியாதையோடு கேளுங்கள். அவை அந்த வீட்டின் பலம். கேட்க வேண்டியது இரண்டே: அந்த நாட்களில் மருந்து தொடர்கிறதா, சாப்பாடு தவறுகிறதா. இன்சுலின் போடும் பிள்ளை விரதம் இருப்பதென்றால் கிளினிக்கில் கேட்காமல் இருக்கவே கூடாது.

கூடப்பிறந்தவர்களை மறந்துவிடாதீர்கள். ஒரு சந்திப்பில் ஐந்து நிமிடம் அண்ணாவுடனோ தங்கச்சியுடனோ கதையுங்கள்.

9. உயிரைப் பற்றிய கேள்வி

இதை எல்லாப் பிள்ளையிடமும், முதல் சந்திப்பிலேயே, நடுப்பகுதியில் கேளுங்கள். கடைசி நிமிடத்துக்கு வைத்தால் பதில் வரும்போது நேரமும் டேட்டாவும் முடிந்திருக்கும். "கடுமையா யோசனை வரேக்க, உயிரோட இருக்க வேண்டாம், செத்துப் போவம் எண்டு நினைச்சதுண்டோ?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்பதே பிள்ளைக்குத் தெரியவரும். "அப்படி ஒண்டும் நினைக்கிறேல்லைத்தானே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நீங்களே பிள்ளையின் வாயில் வைத்துவிடுகிறீர்கள்.

ஓம் என்றால் பதறாமல் மேலே கேளுங்கள்: எப்போது வந்தது, எப்படி என்று யோசித்திருக்கிறதா, இன்று எப்படி இருக்கிறது. இன்று ஆபத்து என்றால் லைனை வைக்காமல் இன்னொரு போனால் வீட்டில் ஒரு பெரியவரைக் கூப்பிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். 1990 இற்கு அழையுங்கள். மேற்பார்வையாளருக்குச் சொல்லுங்கள்.

இன்று ஆபத்தில்லை, ஆனால் எண்ணம் வந்து போகிறது என்றாலும், அன்றைக்கே பெரியவரோடு ஓர் ஒழுங்கு செய்ய வேண்டும். வயலுக்கு அடிக்கும் மருந்து எதுவும் வீட்டிலும் கொட்டிலிலும் இருக்கக் கூடாது, வேறு இடத்துக்குப் போக வேண்டும். பிள்ளையின் மருந்தும் இன்சுலினும் பெரியவரின் கையில் இருந்து, நேரத்துக்கு நேரம் அவரே எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் இன்சுலினை விட்டுக்கொண்டிருந்தால் அதைக் குழப்படி என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைக்கே கிளினிக்குக்குத் தெரிய வேண்டும்.

10. சந்திப்புகளுக்கு நடுவில்

கிழமைக்கு ஒரு குரல் செய்தி, ஒரு நிமிடத்துக்குள். பேசிய சின்ன வேலையை நினைவுபடுத்துவது மட்டும். எழுத்துச் செய்தியை வீட்டில் எவரும் வாசிக்கலாம், ஆகவே கஷ்டங்களை எழுத்தில் கேட்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் செய்திகள் தாமாக மறையும் வசதியை 24 மணித்தியாலத்துக்கோ 7 நாளுக்கோ போட்டுக்கொள்ளலாம். பிள்ளையை எந்தக் குழுவிலும் சேர்க்காதீர்கள். கிளினிக் கொப்பியின் படம் உங்கள் போன் கலரியில் கிடக்கக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது பிள்ளையின் சொத்து.

நீங்கள் பதில் சொல்லும் நேரத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். "இரவு எட்டு மணிக்குப் பிறகு நான் பார்க்க மாட்டன். அப்ப ஏலாமல் இருந்தால் 1926" என்று முதல் நாளே சொன்னால், இரவில் அனுப்பிய செய்திக்குப் பதில் வராததைப் பிள்ளை கைவிட்டதாக எடுக்காது.

11. இரண்டாம், மூன்றாம் சந்திப்பு

எண்ணைக் கேளுங்கள். பேசியது நடந்ததா என்று கேளுங்கள். நடக்காவிட்டால் காரணம் பெரும்பாலும் படி பெரியதாக இருந்ததுதான். பாதியாக்கிக் கொடுங்கள். "ஏன் செய்யேல்லை?" என்று கேட்டால் பிள்ளை அடுத்த முறை செய்ததாகப் பொய் சொல்லும்.

இரண்டாம் சந்திப்பிலும் எண் அசையாமல் இருந்தாலோ கூடினாலோ மேற்பார்வையாளருடன் கதையுங்கள். மூன்று தரத்துக்குப் பிறகும் அப்படியே என்றால் இந்தப் பிள்ளைக்குச் சுருக்கமான ஆதரவு போதாது என்று அர்த்தம். அதை வீட்டாருக்குச் சொல்லும் விதம் முக்கியம்: "பிள்ளை முயற்சி செய்தவர். இதுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய உதவி வேணும், அதை நான் ஒழுங்கு செய்து தாறன்." வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போகும் முதல் நாளில் எந்த வாசல், எந்த அறை, யாரைக் கேட்பது என்பது வரை சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் அந்தத் தாதியிடம் முன்பே பெயரைச் சொல்லி வையுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் இந்தக் கட்டத்தில் செய்யலாம். யாருக்கு, எவ்வளவு சொல்வது என்று பிள்ளை தீர்மானிக்கட்டும். பல வேளை அதிபருக்கும் வகுப்பாசிரியருக்கும் ஒரு கடிதம் போதும்: பாடவேளையில் சாப்பிட, தண்ணீர் குடிக்க, கழிவறைக்குப் போக அனுமதி, ஊசி போட ஒரு தனி இடம், மயக்கம் வந்தால் செய்ய வேண்டியவை.

12. முடித்து ஒப்படைத்தல்

கடைசிச் சந்திப்பு எது என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முந்தின சந்திப்பில் திரும்பவும் சொல்லுங்கள். இழப்புகளைப் பார்த்த வீடுகளில் சொல்லாமல் நின்றுபோகும் ஆள் இன்னொரு இழப்பு.

கடைசியில் பிள்ளையே தன் கையால் ஒரு தாள் எழுதட்டும். எனக்கு யோசனை கூடுவதற்கான அடையாளம் என்ன, அப்போது உதவியது எது, யாரிடம் சொல்வேன், எந்த இலக்கத்துக்கு எடுப்பேன். கிளினிக் கொப்பிக்குள் வைத்தால் தொலையாது.

பிள்ளையின் அனுமதியோடு கிளினிக்குக்கு நான்கைந்து வரிக் குறிப்பு அனுப்புங்கள்: எதில் வேலை செய்தோம், எண் எத்தனையிலிருந்து எத்தனைக்கு வந்தது, வைத்தியர் கவனிக்க வேண்டியது என்ன. பிள்ளை இரகசியமாகச் சொன்ன எதுவும் அதில் இருக்கக் கூடாது. அனுப்ப முன் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டு மாதம் கழித்து வரும் அழைப்பைக் கிளினிக் நாளுக்கு இரண்டு மூன்று நாள் கழித்து வையுங்கள். அப்போதுதான் சீனி அளவு, மருந்து மாற்றம், டொக்டர் சொன்னது எல்லாம் கையில் புதிதாக இருக்கும். எண்ணைக் கேளுங்கள், தாள் கொப்பிக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள், அம்மா நித்திரை கொள்கிறாரா என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.